செம்மண் வழியில் ஒரு கமரா

ஆபிரிக்கா என்றவுடன் எம்மில் பலருடைய மனதில் எழுவது எலும்பும் தோலுமான ஒரு குழந்தையின் முகம். அந்த முகம் எப்படி எமக்குள் வந்தது? 1984 ஒக்டோபரில் எத்தியோப்பியாவின் கோரெம் என்ற இடத்தில் கென்ய ஒளிப்பதிவாளர் மொஹமட் அமீன் எடுத்த பஞ்சக் காட்சிகளை பி.பி.சி. ஒளிபரப்பியது. உலகம் அதிர்ந்தது. உதவி திரண்டது, பல உயிர்கள் தப்பின. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் பின் ஆபிரிக்கக் கிராமங்களுக்குப் போன கமராக்கள் பலவும் அதே முகத்தையே தேடிப் போயின. தேடினால் கிடைக்கும்தானே!

விவரணப் படம் எடுப்பது என் தொழில். உகண்டாவின் வடமேற்கு மூலையிலுள்ள யும்பே மாவட்டத்துக்குப் போனபோது இந்த நினைவும் கூடவே வந்தது. கம்பாலாவிலிருந்து அருவா நகரம் வரை ஏறக்குறைய 500 கிலோமீற்றர். வழியில் கருமாவிலும் பக்வாச்சிலும் நைல் நதியை இரண்டு தடவை கடக்கவேண்டும். யும்பேயை அண்மித்ததும் செம்மண் புழுதி. மாமரம், மரவள்ளி, எள்ளு, கச்சான், சோளம். வன்னியில் வளர்ந்த கண்ணுக்கு எதுவும் அந்நியமாகப் படவில்லை.

இங்கேதான் பிடிபிடி அகதிக் குடியிருப்பு இருக்கிறது. தென் சூடானின் தலைநகர் ஜூபாவில் 2016 ஜூலையில் மீண்டும் சண்டை மூண்டது. ஆகஸ்டில் பிடிபிடியைத் திறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர் வந்து சேர்ந்துவிட்டனர். பரப்பு சுமார் 250 சதுர கிலோமீற்றர். முள்வேலி இல்லை. குடும்பத்துக்கு 30 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமுமான ஒரு துண்டுக் காணி. அதில் வீடும் கட்டலாம், தோட்டமும் செய்யலாம். வேலை செய்யவும் நாட்டுக்குள் நடமாடவும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுக்கிறது. வேலை அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்த எம்மவர்களுக்கு இது வியப்பாகவே இருக்கும்.

நிலம் கொடுத்தவர்கள் செல்வந்தர்கள் அல்லர். 1979இல் இடி அமீனின் ஆட்சி வீழ்ந்ததையடுத்து, பழிவாங்கலுக்கு அஞ்சி இந்தப் பகுதி மக்கள் பெருந்தொகையாகச் சூடானுக்கும் சயீருக்கும் ஓடினார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் மாமர நிழலில் இருந்தபடி சொன்னார்: "எங்கள் பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள். அன்று அவர்கள் இடம் தந்தார்கள். இன்று எங்கள் முறை."

இதை வைத்து எல்லாம் சுகம் என்று எழுதிவிடவும் முடியாது. விறகுக்கும் கூரைப் புல்லுக்கும் ஊரவர்களுக்கும் அகதிகளுக்கும் இடையே சச்சரவு வருகிறது. மரங்கள் குறைகின்றன. 2020இலிருந்து உணவுப் பங்கீட்டையும் வெட்டிவிட்டார்கள். நான்கு பரப்புக்கும் குறைந்த காணியில் விளைவது ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் காணாது.

படம் எடுப்பதற்குப் பிரதமர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அது கடதாசி அனுமதி. மனிதரிடம் வாங்கும் அனுமதி வேறு. முதல் இரண்டு நாளும் கமராவைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். கிணற்றடியில் மஞ்சள் நிறத் தண்ணீர்க் கான்களின் வரிசை, மில்லில் சோளம் அரைக்கும் சத்தம், சூரிய மின்தகடு பூட்டிய கடையில் கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பையன்கள் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். என் பற்றரிகளும் அந்தக் கடையில்தான் உயிர் பெற்றன.

மூன்றாம் நாள் பங்கீட்டு வரிசையில் நின்ற ஒரு தாய், மொழிபெயர்த்த தம்பி மூலம் சொன்னதை நான் மறக்கவில்லை. "இங்கே நிற்கும்போது என்னை எடுக்கவேண்டாம். நாளை காலை என் தோட்டத்துக்கு வாரும்."

போனேன். சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிய சுவர், கூட்டிய முற்றம், முழங்கால் உயரத்துக்கு எள்ளு. நல்ல சட்டை உடுத்து, பிள்ளைகளுக்கும் தலை வாரி நிறுத்தியிருந்தார். ஊரில் ஆசிரியையாக இருந்தவராம். எடுத்ததைச் சிறிய திரையில் போட்டுக் காட்டினேன். ஓர் இடத்தை நீக்கச் சொன்னார், நீக்கினேன். பசி இல்லாத வீடு அல்ல அது. ஆனால் பசி மட்டும் குடியிருக்கும் வீடும் அல்ல.

எம்மையும் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் 155 தமிழர்களை உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீனவர்கள் மீட்டபோது, பத்திரிகைகள் முதலில் பரிதாபத்தோடும் பின்னர் சந்தேகத்தோடும் எழுதின. படகுக்கு முன்பு அவர்கள் யார், என்ன தொழில் செய்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

ஆகவே புதிதாகக் குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பாடசாலையிலோ உதவி நிறுவனத்திலோ பத்திரிகைக்காரரோ உங்களையும் பிள்ளைகளையும் படம் எடுக்கக் கேட்டால், எதற்காக, எங்கே வரும் என்று தயங்காமல் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்வது நன்றிகெட்டதனம் அல்ல. சம்மதித்தால், எந்த இடத்தில் நின்று எடுக்கவேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.