நான்கரை மணிப் பசி

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு ஒரு மணிக்குள் முடிந்துவிடும். கடைசி மணி அடிக்கும்போது நான்கைத் தாண்டியிருக்கும். அதன்பிறகு டியூஷன், வீட்டுப்பாடம், கைப்பேசி. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார எட்டரை, ஒன்பது ஆகிவிடுகிறது. இடையில் எட்டு மணி நேரம். ஓடியாடி வளர்கிற உடம்பு அவ்வளவு நேரம் தாங்காது. நான்கரை மணிக்கு அதற்குப் பசி எடுக்கும். நியாயமான பசி. அதற்கு நாக்கு ருசி என்று பெயர் வைத்துப் பெரியவர்கள் திட்டுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது.

அந்த நேரத்தில் பிள்ளையின் கண்முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பள்ளி வாசலைத் தாண்டினால் பேக்கரி; கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸும் சமோசாவும். பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். தள்ளுவண்டியில் காளான் என்ற பெயரில் முட்டைக்கோஸும் மைதாவும் மசாலாவில் சிவப்பாக வேகும். அடுத்த வண்டியில் நூடுல்ஸ் கிளறுகிற மணம் தெருமுனை வரைக்கும் வரும். வீட்டிலோ காலையில் வடித்த சோறும் ஆறிப்போன குழம்பும் மூடி வைத்திருக்கும். பத்து வயதுப் பிள்ளை அந்த மணத்தையெல்லாம் கடந்து வந்து சோற்றுப் பானையைத் திறக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பெரியவர்களில் எத்தனை பேரால் அது முடியும்?

பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் பிள்ளை ஒரு நிமிடம் நடந்தால் அந்த எல்லை முடிந்துவிடும். வசதியான வீடுகளில் நடக்கவும் வேண்டாம். அப்பாவின் கைப்பேசியில் தட்டினால் பர்கர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

நான் திருநெல்வேலிப் பக்கம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் வேலைக்கு வந்த முதல் தலைமுறைப் பெண்களில் நானும் ஒருத்தி. அதனால், “நம் காலத்தில் எல்லாரும் கம்பும் கேழ்வரகும் தின்று திடகாத்திரமாக இருந்தோம்” என்று என் வயதுக்காரர்கள் பேசும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகளை நான் தட்டோடு வரிசையில் நிற்கப் பார்த்திருக்கிறேன். செம்பட்டை பாய்ந்த முடி, வாயோரத்தில் வெடிப்பு, சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் தெரியும் விலா எலும்பு. பள்ளியில் போடும் சோறுதான் அன்றைக்கு முழுச் சாப்பாடு என்றிருந்த பிள்ளைகள் ஏராளம். சோற்றில் பாதியைத் தம்பிக்காகத் தூக்குவாளியில் எடுத்துப் போகக் கேட்ட பெண் பிள்ளைகளும் உண்டு. கம்பங்கூழ் சத்துள்ளதுதான், அந்தப் பிள்ளைகளுக்கு அது வயிறு நிறையக் கிடைத்ததில்லை. இல்லாமையால் மெலிந்திருந்ததை ஆரோக்கியம் என்று இன்றைய பிள்ளைகளிடம் சொல்வது உண்மைக்கு மாறானது.

அன்று மெலிந்து நின்ற பெண் இன்று பாட்டி. அவள் வீட்டிலேயே உடல் பருத்த பேரன் ஒருவனும் இரத்தசோகை உள்ள பேத்தி ஒருத்தியும் இருக்கிறார்கள். இருவரும் தின்பது ஒரே பாக்கெட்டைத்தான். வயிறு நிறைகிறது, இரும்புச்சத்தும் புரதமும் சேரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. பசியை விரட்ட நாம் பட்ட பாடெல்லாம் இங்கே வந்து நிற்பதற்காகவா?

பிள்ளைகளுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று சொல்கிறவர்கள் ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரும் அவருடைய குழுவினரும் நடத்தி 2019-இல் வெளியிட்டது அது. வளர்ந்த ஆட்கள் 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டுமளவு சாப்பிடலாம். ஆலை உணவு கொடுத்த நாட்களில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை ஏறியது. அந்த உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்ல வேண்டிய வேலை குறைவு, சட்டென்று உள்ளே போய்விடுகிறது. வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் இருபது நிமிடம் ஆகும் என்பார்கள். அதற்குள் இரண்டாவது பாக்கெட்டும் காலியாகிவிடும்.

சிப்ஸ் கடிக்கிற சத்தத்தைக்கூட ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சார்லஸ் ஸ்பென்ஸ் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் கடிக்கும் சத்தத்தைக் காதில் கூட்டிக் கேட்கவைத்தபோது, அதே சிப்ஸை ஆட்கள் கூடுதல் மொறுமொறுப்பானது, புதியது என்று சொன்னார்கள். நாக்கைப் பற்றியும் காதைப் பற்றியும் இவ்வளவு தெரிந்திருக்கிற உலகத்தில்தான் நம் பிள்ளை ஐந்து ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்கிறது. அதைத் திட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

எங்கள் மையத்தில் வாரத்தில் ஒரு நாள் பயறோ கொண்டைக்கடலையோ அவித்துப் போடுவோம். முதலில் உப்பு மட்டும் போட்டுத்தான் அவித்தோம். பிள்ளைகள் ஓரமாக ஒதுக்கி வைத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் தட்டு கழுவுகிற இடத்தில் பயறு குவிந்து கிடக்கும். எங்கள் சமையல் ஆயாம்மா அதைப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல், ஒருநாள் தன் வீட்டுத் தேங்காய் மூடி ஒன்றைக் கொண்டுவந்தார். கடுகு, மிளகாய்வற்றல், கறிவேப்பிலை தாளித்து, தேங்காயைத் துருவிப் போட்டு, மாங்காய்க் காலமாக இருந்ததால் பொடியாக நறுக்கிய மாங்காயையும் சேர்த்துக் கிளறினார். அன்றைக்கு இரண்டாம் முறை கேட்டு வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்க மிச்சமில்லை. பயறு அதே பயறு. பல வீடுகளில் வெளிப்பண்டம் ருசியாகவும் வீட்டுப்பண்டம் தண்டனையாகவும் இருக்கிறது. கீரையை உப்பில்லாமல் வேகவைத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளை கீரையே தொடுவதில்லை என்று வருத்தப்படுகிறார்கள். தாளிக்கக் கொஞ்சம் எண்ணெயும் ஒரு கை தேங்காயும் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

இந்த வேலையை அம்மாவின் தலையில் கட்டுவதற்காக நான் எழுதவில்லை. மில்லிலும் கடையிலும் அலுவலகத்திலும் நின்று உழைத்துவிட்டு ஆறரைக்கு வீடு திரும்புகிற பெண்ணால் நான்கரைக்குச் சுண்டல் அவிக்க முடியாது. நான்கரைக்கு வீட்டில் இருப்பவர்கள் என் வயதுக்காரர்கள். தாத்தாக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரவு படுக்கப்போகுமுன் ஒரு டம்ளர் கடலையை ஊறப்போட ஆம்பளை, பொம்பளை என்ற கணக்கில்லை. மறுநாள் சாயங்காலம் குக்கரில் நான்கைந்து விசில். அதுவும் முடியாத அன்றைக்கு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், கொஞ்சம் வறுத்த நிலக்கடலை. தை மாசத்தில் பனங்கிழங்கு அவிக்கலாம். கொய்யாப்பழக் காலத்தில் பழத்தை நறுக்கி மிளகாய்த்தூளும் உப்பும் தூவி வைக்கலாம். பிள்ளை செருப்பைக் கழற்றும்போது தட்டு தயாராக இருக்க வேண்டும். அதுதான் முக்கியம். பத்து நிமிடம் பொறு என்றால் அதற்குள் அது பெட்டிக்கடைக்குப் போய்விடும்.

பரோட்டாவை விஷம் என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். தின்று பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்றதும், நீங்கள் சொல்லும் மற்றதையும் அது நம்பாது. நானும் விருதுநகர்ப் பக்கம் எண்ணெயில் பொரித்த பரோட்டாவைச் சால்னா ஊற்றிப் பிசைந்து தின்றிருக்கிறேன். அருமையான சாப்பாடு அது. பகலெல்லாம் மூட்டை தூக்கினவரும் லாரி ஓட்டினவரும் ராத்திரி பசிக்குத் தின்ற சாப்பாட்டை, பகலெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை ராத்திரி பத்தரைக்குத் தின்றுவிட்டு உடனே படுப்பதுதான் எனக்குக் கவலை. ஆசைப்பட்டால் மாசத்தில் ஒருநாள் குடும்பத்தோடு போங்கள். ஏழு மணிக்கே போங்கள். உட்கார்ந்து, பேசிக்கொண்டு, நிதானமாகச் சாப்பிடுங்கள். குளிர்பானம் மட்டும் வேண்டாம். 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது, அது ஒரு மடக்கில் உள்ளே போகிறது. இன்னொன்று, முதல் ரேங்க் எடுத்தால் பீட்சா என்று பேரம் பேசாதீர்கள். எது பரிசாக வருகிறதோ அதுதான் உயர்ந்த சாப்பாடு என்று பிள்ளை மனசில் எழுதிக்கொள்ளும். பரிசாகச் சைக்கிள் சவாரிக்கோ ஆற்றுக் குளியலுக்கோ கூட்டிப்போங்கள்.

சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சிக்காரர்கள் 1920-இல் மதிய உணவு போட ஆரம்பித்தார்கள். 1956-இல் காமராசர் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1982-இல் சத்துணவு வந்தது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் இப்போது பல்லாயிரம் பள்ளிகளில் காலையிலேயே வேகின்றன. நூறு வருஷமாக இந்த மண்ணில் பிள்ளைகளின் மதியப் பசிக்கும் காலைப் பசிக்கும் ஆட்கள் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். சாயங்காலப் பசிக்குத்தான் பெரும்பாலும் யாரும் பேர் கொடுக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பல ஊர்களில் சிறப்பு வகுப்பு முடித்து ஆறு மணிக்கு வெளியே வருகிறார்கள். தாத்தா பாட்டி இல்லாத வீடுகளும் எத்தனையோ இருக்கின்றன.

உங்கள் ஊர்ப் பள்ளியில் மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர்கள்தான் அதில் பெரும்பாலும் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை பற்றிப் பேசும்போது சாயங்காலப் பசியையும் எடுத்துப் பேசுங்கள். ஐம்பது பிள்ளைகளுக்கு இரண்டு கிலோ கொண்டைக்கடலை தாராளமாகப் போதும். முந்தின நாள் இரவே ஊறப்போட ஓர் ஆள் வேண்டும். எங்கள் ஊரில் கேட்டால் நான் ஊறப்போட்டுத் தருகிறேன்.