பேர்ண் நகரிற் குடிபுகுந்தோம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு மலராசிரியர் எமக்கு எழுதியபோது, அமெரிக்க வாழ்க்கையைப் பற்றியதாயின் நன்றெனக் குறித்திருந்தார். அமெரிக்காவைப் பற்றி இக்காலத்தில் அறியாதார் யாவர்? எம்மினும் நன்றாக எழுதவல்ல பழைய மாணவர் பலர் அங்கே வாழ்கின்றனர். ஆதலின், அமெரிக்கக் குடியுரிமையைக் கையிற் கொண்டு, ஐம்பத்தேழாவது வயதிலே ஜேர்மன் மொழி வழங்கும் நகரொன்றிற் குடிபுகுந்து நாம் பட்ட பாட்டையே எழுதத் துணிந்தோம். இவ்வாறு துணிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை உரிய இடத்திற் சொல்வோம்.

நாம் கல்லூரியை விட்டு நீங்கியது 1974ஆம் ஆண்டு. 1979இல் அமெரிக்கா சென்றோம். 1991இல் அந்நாட்டுக் குடிமகனானோம். நாம் தொழில் புரிந்த நிறுவனம் 2012ஆம் ஆண்டு ஆவணி மாதம் எம்மைச் சுவிற்சர்லாந்திலுள்ள பேர்ண் நகருக்கு அனுப்பிற்று. ஆரே என்னும் ஆறு குதிரைலாடம் போல வளைந்து சுற்ற, அவ்வளைவினுள் அமைந்தது பழைய நகர். மழை வரினும் வெயில் வரினும் குடையின்றி நடக்கத்தக்க வளைவு மண்டபங்கள் தெருவின் இருமருங்கும் உள்ளன. அறிஞர் ஐன்ஸ்டைன் 1902 முதல் 1909 வரை புத்தாக்க உரிமைப் பதிவகத்தில் எழுதுவினைஞர் போல அமர்ந்து வேலை பார்த்தது இந்நகரிலேதான். இவையெல்லாம் உல்லாசப் பிரயாணிகள் இரண்டு நாளிற் கண்டு செல்பவை. குடியிருக்க வந்தோர் காண்பது வேறு.

வந்து பதினான்கு நாளுக்குள் நகர அலுவலகத்திற் பதிவு செய்தல் வேண்டும். ஊரிலே விதானையாரிடம் பெயர் கொடுப்பது போன்றதே இதுவும். ஆயின், விதானையாரைப் போல இவர்கள் மறப்பதில்லை. மூன்று மாதத்துக்குள் நோய்க் காப்புறுதி எடுத்தல் வேண்டும். ஓராண்டுக்குள் அமெரிக்கச் சாரதிப் பத்திரத்தைக் கொடுத்து அந்நாட்டுப் பத்திரம் பெறல் வேண்டும். குப்பையை எந்தப் பையிலும் கட்டிப் போடலாகாது. கட்டணம் சேர்த்து விற்கப்படும் பையிலேயே போடல் வேண்டும். வெறும் போத்தல்களை வெள்ளை, பச்சை, கபிலம் என நிறம் பிரித்து இடல் வேண்டும். அதனையும் ஞாயிற்றுக்கிழமை செய்யலாகாது, கண்ணாடி உடையும் ஓசை அயலாரின் ஓய்வைக் கெடுக்குமன்றோ! இரவு பகலாய்த் திறந்திருக்கும் கடைகளுக்கு முப்பதாண்டு பழகிவிட்ட நாம், முதல் ஞாயிறன்று பாண் வாங்கப் புறப்பட்டு, பூட்டிய கதவுகளைப் பார்த்துக்கொண்டே நகரைச் சுற்றி வந்தோம்.

ஆயினும் எம்மை முதன்முதல் தலைகுனியச் செய்தது உடுப்புத் தோய்க்கும் இயந்திரமே. எட்டுக் குடும்பங்கள் வாழும் எமது மாடிக் கட்டடத்துக்கு நிலவறையில் ஓர் இயந்திரம். எந்த வீட்டாருக்கு எந்த நாள் என அட்டவணையொன்று சுவரில் தொங்கிற்று. அதனை நாம் கண்டோம். ஆயினும், இது யாரோ எழுதிவைத்த நல்லுபதேசமெனக் கருதினோம். அமெரிக்காவில் அவரவர் வீட்டில் அவரவர் இயந்திரம் இருந்தது, நினைத்தபோது தோய்த்தோம். அவ்வாறே ஞாயிறன்று காலை ஒரு கூடை உடுப்பை இட்டு இயந்திரத்தை ஓடவிட்டோம். மாலையில் எமது கதவில் ஒரு கடிதம் ஒட்டப்பட்டிருந்தது. மேல்மாடியில் வாழ்ந்த அம்மையார் எழுதியது. அத்துணை மரியாதையான கண்டனத்தை நாம் முன்னொருபோதும் பெற்றதில்லை. நாம் புதியவரென்பதைத் தாம் அறிவாரென்றும், அமெரிக்காவில் வழக்கம் வேறாயிருக்கலாமென்றும், எமது நாள் வியாழக்கிழமையென்றும், இயந்திரத்தின் வடிகட்டியைத் துடைத்து வைத்தல் வேண்டுமென்றும் எழுதியிருந்தார். மறுநாள் மாடிப்படியிற் கண்டபோது முதலில் வணக்கஞ் சொன்னவரும் அவரே.

இனி, மொழியைப் பற்றிச் சில சொல்வோம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் துவைன் 1880இல் வெளியிட்ட பிரயாண நூலொன்றின் பின்னிணைப்பில் ஜேர்மன் மொழியை நகையாடி நீண்டதொரு கட்டுரை வரைந்துள்ளார். வாக்கியத்தின் வினைச்சொல்லுக்காக ஈறுவரை காத்திருக்க வேண்டியிருப்பது அவரது பெருங்குறைகளுள் ஒன்று. அக்குறை எமக்கு விளங்கவேயில்லை. வினையை ஈற்றில் வைத்துப் பேசியே வளர்ந்தவர் நாம். வகுப்பில் உடன்கற்ற அமெரிக்க நண்பர்கள் விழிபிதுங்கிய இடத்தில் நாம் இளைப்பாறினோம். சிறுமியைக் குறிக்கும் சொல் அம்மொழியிலே பெண்பாலன்று, அஃறிணை போன்றதொரு பொதுப்பாலென்பது மட்டும் திணை பால் கற்ற எம் செவிக்கு ஒவ்வாதிருந்தது. அமெரிக்காவிலிருந்தபோதே ஈராண்டு மாலைவகுப்புக்குச் சென்று சான்றிதழும் பெற்றிருந்தோம்.

அச்சான்றிதழோடு பேர்ண் நகரக் கடைத்தெருவிற் போய் நின்றபோது, எவர் பேசுவதும் எமக்குப் புரியவில்லை! சுவிற்சர்லாந்து மக்கள் எழுதுவது எழுத்து ஜேர்மன். பேசுவதோ தத்தம் ஊர்ப்பேச்சு. தொலைக்காட்சியிற் செய்தியை எழுத்து மொழியில் வாசிப்பர். அடுத்து வரும் வானிலை அறிக்கையைப் பேச்சு மொழியிற் சொல்வர். மழை வருமென்பதை நாம் நனைந்தபின்னரே அறிந்தோம். நன்னூலை மட்டும் கற்ற ஐரோப்பியரொருவர் சுன்னாகம் சந்தையில் நின்று, "இக்கதலிக் குலையின் விலை யாது?" என வினவினால் எவ்வாறிருக்கும்? அவ்வாறே இருந்தோம் நாம். கடைப்பெண்கள் எம் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்து உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவர். அஃது உதவியென்று அவர்கள் எண்ணினர்; கதவடைப்பென்று நாம் உணர்ந்தோம்.

முன்னிலைச் சொல் இன்னொரு தொல்லை. அமெரிக்காவில் அரசினர் முதல் அண்டைவீட்டுச் சிறுவன் வரை ஒரே சொல்தான். ஜேர்மன் மொழியில் 'நீ' வேறு, மரியாதைச் சொல் வேறு. எழுத்து ஜேர்மனில் அம்மரியாதைச் சொல், 'அவர்கள்' என்னும் படர்க்கைப் பன்மையினின்று வந்தது. பேர்ண் நகரத்தாரோ முன்னிலைப் பன்மையையே மரியாதைக்கு வழங்குவர். அஃதாவது, நமது 'நீங்கள்' போல. மூத்தவர் தாமாகவே 'நீ' என அழைக்க இசைவு தரும்வரை இளையவர் அவ்வாறு அழைக்கலாகாது. அவ்விசைவு வர ஆண்டுகள் செல்லலாம், வராமலே போகவுங்கூடும்.

இவ்வாறிருக்க, ஐப்பசி மாதத்தில் எமது சம்பளத்தைப் பெறுதற்கு வங்கிக் கணக்கு வேண்டியதாயிற்று. நகரிலுள்ள வங்கியொன்றுக்குச் சென்றோம். இளைஞரொருவர் இருக்கை தந்து, கோப்பியுந் தந்து, எமது கடவுச்சீட்டைக் கேட்டார். நீலநிற அட்டையைக் கண்டதும் அவர் முகம் வாடிற்று. அமெரிக்கக் குடிமக்கள் உலகில் எங்கு வாழினும் தம் நாட்டுக்கு வருமானக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். 2010ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய சட்டமொன்றின்படி, அமெரிக்கரின் கணக்குகளை அறிவிக்காத பிறநாட்டு வங்கிகளுக்கு அமெரிக்காவிலிருந்து செல்லும் பணத்தில் நூற்றுக்கு 30 வீதம் பிடித்து வைக்கப்படும். அத்தொல்லைக்கஞ்சிய வங்கிகள் பல, அமெரிக்கரென்றாலே வேண்டாமென்றன. இரண்டாவது வங்கியிலும் அதே கோப்பி, அதே விடை. இருபது ஆண்டாக எவ்விமான நிலையத்திலும் எமக்கு வழிதிறந்த அச்சீட்டு, கையிலிருந்த சுமையாயிற்று.

இப்போது, உரிய இடத்திற் சொல்வோமென்றதைச் சொல்லவேண்டும்.

வந்த முதல் மாதத்திலே எமது நிறுவனத்தார் எம்மை வரவேற்று உணவுச்சாலையொன்றில் விருந்தளித்தனர். சமையலறையினின்று தட்டங்களைக் கொண்டுவந்தவர் ஒரு தமிழர். எம்மைக் கண்டு தயங்கி நின்று, மெல்லிய குரலில், "நீங்கள் யாழ்ப்பாணமோ?" எனத் தமிழிற் கேட்டார். அவரது இடப்புருவத்தின் மேலே ஒரு வடு இருந்தது. அவ்வடு எவ்வாறு வந்ததென்பதை எம்மைவிட நன்கறிந்தவர் உலகில் இல்லை. கல்லூரி மைதானத்தில் எமது மட்டையிற் பட்டுப் பறந்த பந்தினால் வந்தது. நான்காண்டு ஒரே வாங்கில் எம்மருகே இருந்து படித்தவர் அவர். நாமோ, அருகிலிருந்த பணிப்பாளரை ஒருகணம் பார்த்துவிட்டு, அமெரிக்காவிலிருந்து வருவதாக ஆங்கிலத்தில் விடையிறுத்தோம். "மன்னிக்கவேணும் ஐயா" எனச் சொல்லி அவர் உள்ளே போய்விட்டார்.

ஏன் அவ்வாறு செய்தோம்? 1983க்குப் பின்னர் சுவிற்சர்லாந்துக்கு அடைக்கலந் தேடி வந்த எம்மவர் பல்லாயிரவர். அவர்களிற் பெரும்பாலார் உணவுச்சாலைச் சமையலறைகளிலேயே முதலில் வேலை பெற்றனர். எம் நிறத்தைக் கண்டதும் எந்தச் சமையலறையில் வேலையென வினவியோர் இருவர் மூவர் இருந்தனர். அதனால் எழுந்த சினத்தை நாம் வினவியோர்மேற் காட்டவில்லை. எம் நண்பர்மேற் காட்டினோம். இதற்குமேல் இதற்கு விளக்கமில்லை.

இரண்டாம் வங்கி கைவிட்ட அன்று பனி பெய்துகொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு, சமையலறை ஓயும் வேளையில், அவ்வுணவுச்சாலையின் பின்வாயிலிற் போய் நின்றோம். அவர் கைதுடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாம் பெயரையும் கல்லூரியையும் ஆண்டையும் சொன்னோம். "தெரியும். உள்ளுக்கு வாங்கோ, குளிருது" என்றார். வேறொன்றும் கேட்டிலர்.

மறுநாள் தமது விடுமுறை நாளில், அவர் இருபதாண்டாகச் சம்பளம் பெறும் வங்கிக்கு எம்மை அழைத்துச் சென்றார். கருமபீடத்திலிருந்த பெண்ணுடன் பேர்ண் பேச்சில் உரையாடினார். அப்பெண் நகைத்தார்; அவரும் நகைத்தார்; எம்மைக் காட்டி ஏதோ சொன்னார். எமது சான்றிதழின் துணையால் நாலிலொரு சொல் விளங்கிற்று. மேலதிகக் கட்டணமும் ஒரு படிவமும் கேட்டு, அரைமணி நேரத்திற் கணக்குத் திறந்து தந்தார்கள். அவர் எம்மைப்பற்றி என்ன சொன்னாரென்பதை இன்றுவரை அறியோம்.

அவர் 1985இல் அந்நகருக்கு வந்தவர். கோப்பை கழுவத் தொடங்கி, காய்கறி வெட்டி, பின்னர் சமையற்காரரானவர். இலக்கண வகுப்பை வாசலிலும் மிதித்தறியார். அடுப்படியிற் கேட்டுக் கேட்டே பேசக் கற்றார். கடைப்பெண் எவரும் அவருக்கு ஆங்கிலத்தில் விடையளிப்பதில்லை. ஆனால் அரசாங்கக் கடிதம் வந்தால் அவர் கலங்குவார். அது எழுத்து மொழியன்றோ! சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்கு நாம் செல்லத் தொடங்கியபோது, ஒரு பாதணிப் பெட்டி நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து எம்முன் வைத்தார். காப்புறுதி, வரி, வாடகை எல்லாம் அதனுள் இருந்தன. நாம் வாசித்துப் பொருள் சொன்னோம். அவர் எம்மைத் தச்சரிடமும் மருத்துவரிடமும் அழைத்துச் சென்று எமக்காகப் பேசினார். இருவரும் சேர்ந்தே ஒரு முழு ஜேர்மன் மொழி அறிந்தவராயினோம். ஆயினும் எம்மை அவர் "நீங்கள்" என்றே அழைத்து வந்தார். பள்ளியில் "டேய்" என்றவர் அவர். திருத்த எமக்கு நாவெழவில்லை.

2014ஆம் ஆண்டு மார்கழியில் பேர்ண் நகரிற் சமயங்களின் இல்லம் திறக்கப்பட்டது. சிவன் கோயிலும், பள்ளிவாசலும், புத்தவிகாரையும், கிறித்தவ ஆலயமும், அலேவியரின் வழிபாட்டிடமும் ஒரே கூரையின்கீழ் உள்ள கட்டடம் அது. நண்பர் எம்மை அங்கே அழைத்துச் சென்றார். மேல்மாடி அம்மையாரும் காண விரும்பி உடன்வந்தார். திரும்பும் வழியிற் பேச்சு வாக்குரிமைக்குத் திரும்பிற்று. சுவிற்சர்லாந்துப் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1971ஆம் ஆண்டிலேதான். அப்போது தமக்கு முப்பத்தொரு வயதென்றார் அம்மையார். எமது தாய்நாட்டுப் பெண்களுக்கு 1931இலேயே அவ்வுரிமை இருந்ததென்றோம். அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்தார் அவ்வாண்டுத் தேர்தலைப் புறக்கணித்து, 1934இலேயே வாக்களித்தனரென்னும் செய்தியை நாம் சொல்லாது விடுத்தோம். நண்பர் எம்மைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

2016ஆம் ஆண்டு சித்திரையில் ஒரு வியாழக்கிழமை, தோய்த்த உடுப்புடன் மாடியேறிய எம்மை அம்மையார் தம் வீட்டினுள் அழைத்தார். சிறு கிண்ணத்தில் வைன் ஊற்றித் தந்து, தம் முதற்பெயரைச் சொல்லி, இனி நமக்குள் 'நீ' என்றார். நாலாண்டு ஆயிற்று அதற்கு.

சனிக்கிழமை நண்பர் வீட்டிற் சோறுண்ணும்போது அச்செய்தியைச் சொன்னோம். அவர் கவளத்தை இடையில் நிறுத்தி எம்மைப் பார்த்தார். அன்று அவ்விருந்தில் நடந்ததை இருவரும் ஒருநாளும் வாயாற் பேசியதில்லை. இம்மலரை அவரும் வாங்கி வாசிப்பார், ஆதலின் இங்கே எழுதினோம். அவர் சிரிக்கத் தொடங்கினார்.

"அந்த மனிசியே உன்னை 'நீ' எண்டிட்டாவோ? அப்ப எனக்கென்னடா?" என்றார். "டேய் மச்சான், அந்த மீன்குழம்புச் சட்டியை இங்காலை தள்ளு."