அடுத்த வாரமும் ஆட்டம் உண்டு

மகளின் பிரசவத்துக்காகத்தான் டென்மார்க் போனேன். பெட்டியில் சுக்கு, பூண்டு, பிரசவ லேகியம், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் சேலைகள் நான்கு. தொண்ணூறு நாள் விசா. 2024 ஆகஸ்டில் இறங்கி நவம்பரில் கிளம்ப வேண்டும். ஆர்ஹஸ் நகரின் ஓரத்தில் மூன்றாம் மாடி வீடு. சமையலறைச் சன்னலைத் திறந்தால் எதிரே கால்பந்து மைதானம். கடலூர் மாவட்டத்தில் முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளி பி.டி. டீச்சராக இருந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவேன்.

திங்கள், புதன் மாலைகளில் ஏழெட்டு வயதுச் சிறுமிகள் வருவார்கள். அவர்கள் போனதும் பதினாறு வயதுப் பெண்கள். வியாழக்கிழமை இருட்டிய பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் ஆடும். முதல் நாள் அதைக் கல்லூரிப் பெண்கள் என்றே நினைத்தேன். கீழே இறங்கிப்போய்ப் பார்த்தால் எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருத்தி முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஓடினாள். கோட்டுக்கு வெளியே அவள் பிள்ளைகள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்கள். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் மாடியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். பத்தியக் குழம்பு வாசம் பிடித்து அவரே மேலே வந்து கதவைத் தட்டினார். நாம் கால்பந்து என்பதை அவர் உதைபந்தாட்டம் என்பார். கணவர் 1986ல் அகதியாக வந்தவர். அக்கா வந்து சேர்ந்தது 1989ல். இடைப்பட்ட காலத்தில் கொழும்பில் ஒரு அறையில் காத்துக் கிடந்திருக்கிறார். தமிழ் அகதிகளின் குடும்பத்தினர் வந்து சேர்வதற்கான மனுக்களை 1987ல் நீதித்துறை அமைச்சர் எரிக் நின் ஹன்சன் சட்டத்துக்கு மாறாக முடக்கி வைத்தார். அது வெளியில் வந்து, 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995ல் அந்த அமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. டென்மார்க்கில் இதற்குத் ‘தமிழர் வழக்கு’ என்றே பெயர். "எங்கட கடதாசி மேசைக்கு அடியில கிடந்தது, தங்கச்சி" என்று அக்கா சொன்னபோது குரலில் கோபமில்லை.

யோரிங்குக்கு என்னை அழைத்துப் போனவர் அவர்தான். எழுத்தில் முதலில் ‘ஹெச்’ நிற்கும், சொல்லும்போது யோரிங். யூலாந்து தீபகற்பத்தின் வட கோடியில், இருபத்தைந்தாயிரம் பேர் வாழும் ஊர். அங்கே ஃபோர்ச்சுனா யோரிங்குக்கும் தலைநகர்ப் பக்கத்து ப்ரொன்பிக்கும் பெண்கள் லீக் ஆட்டம். அக்காவின் மகள் உள்ளூர்க் கிளப்பில் ஆடுகிறவள். அவள்தான் டிக்கெட் எடுத்தாள். மகளுக்கு ரசம் வைத்து, பேத்தியைக் குளிப்பாட்டிவிட்டுக் காலையிலேயே ரயில் ஏறினோம்.

ராண்டர்ஸ், ஹோப்ரோ, ஆல்போர்க் என்று ஊர்கள் போயின. அறுவடை முடிந்து உழுது போட்ட வயல்கள், ஆள் நடமாட்டமே இல்லாத பண்ணைகள், இடைவிடாமல் சுற்றும் காற்றாலைகள். ஆல்போர்க் தாண்டி லிம்ஃப்யோர்டு நீரைக் கடக்கும்போது மழை மேலிருந்து விழவில்லை. பக்கவாட்டில் வந்து கண்ணாடியில் அடித்தது. அந்தக் காற்றில் பந்து எப்படி ஆடுவார்கள் என்று எனக்கு ஒரே யோசனை.

ஆடினார்கள். சில நூறு பேர்தான் பார்வையாளர்கள். குளிருக்குக் கம்பளி போர்த்திய தாத்தா பாட்டிகள், கழுத்துத் துண்டு சுற்றிய சிறுமிகள். காபியும் ரொட்டிக்குள் வைத்த சாசேஜும் விற்ற முதியவருக்குச் சம்பளம் இல்லை. ‘ஃப்ரிவில்லி’ என்றார், விரும்பி வந்து வேலை செய்கிறவர் என்று அர்த்தம். டிக்கெட் கிழித்த அம்மாளும் அப்படியே. இந்தக் கிளப் 1966ல் தொடங்கியது. 1982ல் தொடங்கிய ‘டானா கப்’ என்ற சிறுவர் சிறுமியர் போட்டி ஜூலை மாதங்களில் இங்கே நடக்கிறது. பல நாடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் படுத்து எழுந்து ஆடுவார்கள். அந்தப் பெரிய விழாவைத் தோளில் சுமப்பது இந்தப் பெண்கள் கிளப்தான். நம் பக்கத்தில் தேர்த்திருவிழாவுக்கு ஊரே இறங்கி வேலை செய்யுமே, அதுபோல.

இவ்வளவு சின்ன ஊரின் கிளப் 2003ல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதிவரை போயிருக்கிறது. ஸ்வீடனின் உமியோவிடம் இரண்டு ஆட்டங்களும் சேர்ந்து 7க்கு 1 என்று தோற்றார்கள். தோற்றாலும் போனார்கள். உள்நாட்டிலோ 2002–03 முதல் 2019–20 வரை பதினெட்டுப் பருவங்களின் பட்டமும் ஃபோர்ச்சுனா, ப்ரொன்பி இரண்டுக்குள்ளேயே மாறி மாறி இருந்தது. பிறகு கோயே நகரின் ஹெச்.பி. கோயே மேல் வகுப்புக்கு ஏறிய முதல் வருஷமே பட்டத்தைப் பிடித்து, தொடர்ந்து மூன்று முறை வைத்துக்கொண்டது. 2023–24ல் நோர்ஷெலாந்து முதல்முறை வென்றது. நான் பார்த்த பருவத்தில் லீக்கில் இருந்தவை எட்டே அணிகள். ஆகஸ்டில் தொடங்கி ஒவ்வொரு அணியும் மற்ற ஏழோடும் சொந்த ஊரில் ஒருமுறை, எதிரி ஊரில் ஒருமுறை ஆடும். உறைபனிக்கு விடுமுறை. வசந்தத்தில் முதல் ஆறு அணிகள் மீண்டும் பட்டத்துக்காக மோதும். ஜூன் வரை இழுத்துக்கொண்டு போகும்.

ஆட்டத்தில் ஒரு பெண், பதினெட்டு வயதுக்கு மேல் இருக்காது, எளிதான பந்தொன்றைத் தவறவிட்டாள். முகம் சிவந்துவிட்டது. பக்கத்திலிருந்தவள் முதுகில் தட்டிவிட்டு ஓடினாள். எனக்கு நெஞ்சு பதறியது. காபிக்காரர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். அக்கா மொழிபெயர்த்தார்: "அடுத்த கிழமையும் மேட்ச் இருக்குதாம்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நம் பள்ளிப் போட்டிகள் எப்படி நடக்கின்றன என்பது பி.டி. ஆசிரியர்களுக்குத் தெரியும். குறுவட்டம், அதில் ஜெயித்தால் மாவட்டம், அதிலும் ஜெயித்தால் மாநிலம். எல்லாம் நாக் அவுட். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து விடியற்காலையில் பிள்ளைகளைக் கூட்டி, வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைச் சம்மதிக்கவைத்து, கைக்காசில் பூட்ஸ் வாங்கி, குறுவட்டத்துக்கு வேன் பிடித்துப் போவோம். காலை ஒன்பதரைக்கு முதல் ஆட்டம். பத்தரைக்குத் தோல்வி. பதினொன்றுக்கு வேனில் அழுகை. அந்த வருஷம் அதோடு முடிந்தது. ஒரு பருவம் முழுவதற்கும் ஒரு மணி நேரம்.

பருவம் என்று எழுதும்போதே கை நிற்கிறது. தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. இடது ஓரத்தில் மின்னலாக ஓடும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்கு இருந்தாள். இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல். "பெரிய மனுஷி ஆயிட்டா டீச்சர். இனிமே டவுசர் போட்டுக்கிட்டு ஆம்பளைங்க முன்னாடி ஓட முடியுங்களா?" என்றார் அவள் அம்மா. எனக்குக் காபி கொடுத்துத்தான் சொன்னார். கெட்டவர் இல்லை. என்ன பதில் சொல்வது? அடுத்த போட்டிக்குப் பத்து மாதம் இருந்தது. அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இருந்திருந்தால், அவளுடைய தோழிகள் போய்க் கூப்பிட்டிருப்பார்கள், நானும் விடாமல் வாதாடியிருப்பேன். கையில் தேதி இல்லாமல் என்ன வாதாடுவது? அவள் திரும்பி மைதானத்துக்கு வரவேயில்லை.

டென்மார்க்குக்கும் இந்த வாராவார ஆட்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1971ல் மெக்சிகோவில் அதிகாரபூர்வமல்லாத பெண்கள் உலகக்கோப்பை நடந்தது. அஸ்டெகா மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் பார்க்க, டென்மார்க் 3–0 என்று மெக்சிகோவை வென்றது. மூன்று கோலையும் அடித்த சூசன் அகஸ்டசனுக்கு வயது பதினைந்து. அந்த நாளில் நாட்டின் கால்பந்துச் சங்கத்தில் பெண்களுக்கு இடமே கிடையாது. மறுவருஷம் 1972ல்தான் சேர்த்துக்கொண்டார்கள். 2017ல் ஐரோப்பிய இறுதிப்போட்டி வரை போன தேசிய அணி, ஊதிய ஒப்பந்தத் தகராறில் ஸ்வீடனுக்கு எதிரான உலகக்கோப்பைத் தகுதி ஆட்டத்தையே ஆடவில்லை. அது 3–0 தோல்வியாக எழுதப்பட்டது. அவர்கள் செய்தது சரி என்பதே என் கருத்து.

அந்த 2017 இறுதி ஆட்டத்தில் டென்மார்க்கின் முதல் கோலைப் பெனால்டியில் அடித்தவர் நாடியா நாதிம். அக்காவுக்கு அவர் மேல் தனிப் பிரியம். ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் பிறந்தவர். தந்தையைத் தாலிபான்கள் கொன்ற பிறகு தாயோடும் சகோதரிகளோடும் தப்பி வந்து, ஆல்போர்க் பக்கத்து அகதி முகாமில் இருந்தார். வேலிக்கு அப்பால் பெண்கள் பந்தாடுவதை அங்கேதான் முதலில் பார்த்தார். பிறகு இதே லீக்கில், இதே ஃபோர்ச்சுனாவுக்கும் ஆடினார். மருத்துவமும் படித்து முடித்தார். "முகாமில இருந்து பார்த்த பிள்ளைதானே. எங்கட பிள்ளையளும் அப்பிடித்தான் பார்த்தவை" என்று ரயிலில் திரும்பும்போது அக்கா சொன்னார். அக்காவின் மகள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

நம்மிடம் ஆட்டக்காரிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018ல் மணிப்பூரை வீழ்த்தித் தேசியப் பட்டம் வென்றார்கள். 2019ல் லூதியானாவில் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கைக் கைப்பற்றியது. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடியிருக்கிறார். குறை ஆட்டத்தில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது. 2016–17ல் தொடங்கிய அந்த லீக், பல வருஷங்கள் ஒரே இடத்தில் சில வாரங்களில் முடிந்துபோகும் போட்டியாகவே நடந்தது. சொந்த ஊர், எதிரி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறை 2023–24ல்தான், ஏழு அணிகளோடு வந்தது. அது மேல்தட்டில். கீழே குறுவட்டம் இன்னும் அந்த ஒரு மணி நேரம்தான்.

நவம்பரில் நான் கிளம்பியபோது எதிர் மைதானத்தில் புல் வெளுத்திருந்தது. டென்மார்க் லீக்கின் முடிவை நான் கடலூரில்தான் தெரிந்துகொண்டேன். 2024–25 பட்டம் ஃபோர்ச்சுனா யோரிங்குக்கு. அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

தலைமையாசிரியர்களுக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய ஸ்டேடியம் வேண்டாம், கோப்பை கூட வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் ஆறு பள்ளிகள் சேரட்டும். ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடும் இரண்டு முறை ஆடினால் ஒரு பெண்ணுக்குப் பத்து ஆட்டம். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை என்று வைத்தால் ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடித்துவிடலாம். தோற்ற பள்ளியும் அடுத்த ஆட்டத்துக்கு வர வேண்டும். அது ஒன்றுதான் விதி. கடலூர் பக்கம் யாராவது தொடங்கினால் சொல்லியனுப்புங்கள். விசில் ஊத நான் வருகிறேன்.