மூன்று மாடுகளும் ஓர் இஸ்ஸும்

"எங்கள் சொத்து மாடுகள்" என்று தமிழில் சொன்னால் வசனம் முடிந்துவிட்டது. சொத்து ஒருமை, மாடுகள் பன்மை. நடுவே வினைச்சொல் இல்லாதபடியால் சண்டையும் இல்லை. அறபியிலும் நிகழ்காலத்தில் முப்ததாவையும் ஹபரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஆங்கிலக்காரன்தான் இடையில் இஸ், ஆர் என்று ஒன்றை நட்டுவைத்து, அது எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று கேட்கிறான்.

அது எழுவாயின் பக்கமே சாயும். "அவர் ஒன்லி வெல்த் இஸ் அவர் கௌஸ்." திருப்பிப் போட்டால், "அவர் கௌஸ் ஆர் அவர் ஒன்லி வெல்த்." மாடுகள் கூடவுமில்லை, குறையவுமில்லை. எழுவாய் மாறிற்று, வினையும் கூடவே போயிற்று.

முதல் வசனத்தை 2018 இல் எனது பத்தாந்தர மாணவி ஒருத்தி தவணைப் பரீட்சையில் எழுதியிருந்தாள். சொந்தக் கதைதான், அவளது வாப்பாவிடம் மூன்று மாடுகள். வெளியில் திருத்தப்பட்டு வந்த தாளில் இஸ் வெட்டப்பட்டு, மேலே சிவப்பு மையில் ஆர். இரண்டு புள்ளி போயிற்று. அதைவிட எனக்கு வலித்தது, அடுத்த கட்டுரையில் அவள் மாடுகளையே கைவிட்டதுதான். எவரோ எழுதிய "மை பெஸ்ட் பிரெண்ட்" கட்டுரையை மனனம் செய்து ஒப்புவித்திருந்தாள். நமது பிள்ளைகள் சொந்த வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதத் துணிவதே அபூர்வம்.

திருத்தியவரைத் தேடிப் போனேன்.

"கௌஸ் பன்மைதானே மாஸ்டர்?"

"பன்மைதான் சேர். ஆனால் எழுவாய் வெல்த். நுளம்புகளைப் பற்றி 'தே ஆர் எ பிரொப்ளம்' என்று எழுதினால் வெட்டுவீர்களா? பின்னால் வருவது ஒருமைதானே?"

சற்று யோசித்துவிட்டு இரண்டு புள்ளிகளையும் போட்டுத் தந்தார். நல்ல மனிதர். ("வட் வீ நீட்" என்று தொடங்கும் வசனங்களில் ஆங்கிலேயரே இஸ் என்றும் ஆர் என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். அதை நான் அவிழ்க்கவில்லை.)

மறுநாள் இரண்டு வசனங்களையும் அவளைக் கொண்டே கரும்பலகையில் எழுதுவித்தேன். எழுதி முடித்துத் திரும்பி நின்றாள்.

"வாப்பா ரெண்டு மாட்ட வித்துட்டா சேர்?"

"முதல் வசனத்தில அப்பவும் இஸ்தான்."

"மத்ததுல?"

"நீயே சொல்லு."

கரும்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆரை அழித்துவிட்டு இஸ் எழுதினாள். பிறகு கௌஸில் இருந்த கடைசி எழுத்தையும் அழித்தாள்.