சட்டாம்பிள்ளை

ஊருக்குப் போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஜெட்லாக் தீர்ந்துவிட்டது. பெட்டியில் மட்டும் அம்மா கட்டிக்கொடுத்த வேர்க்கடலைப் பொடி வாசம் இன்னும் போகவில்லை. வெளியே டாலஸ் வெயில் 104 டிகிரி. எங்கேயும் போக முடியாது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில். பழநிப் பக்கம் இருக்கிற பாலசமுத்திரம் இல்லை. ஆந்திராவில், பழைய சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருப்பது. இங்கே யாராவது "நீங்க தமிழா, தெலுங்கா?" என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வீட்டில் தமிழ். ரேஷன் கடையில் தெலுங்கு. சந்தை, டாக்டர், சினிமா எல்லாம் பள்ளிப்பட்டு.

1960 ஏப்ரல் 1 வரைக்கும் பள்ளிப்பட்டும் திருத்தணியும் எங்கள் மாவட்டம்தான். ம.பொ.சி. முன்னால் நின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், அப்புறம் படாஸ்கர் பரிந்துரை, அதன்படி அவை அந்தப் பக்கம் போயின. பதிலுக்குச் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் இந்தப் பக்கம் வந்தன. கோடு எங்கள் ஊரைத் தாண்டி விழுந்தது. பாட்டி பிறந்த வீடு அங்கே, வாழ்க்கைப்பட்ட வீடு இங்கே. பாட்டிக்கு அதைப் பற்றி ஒரு கருத்தும் இருந்ததில்லை. பஸ் இருந்தால் சரி.

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி அப்போது ஒரு கூடமும் ஒரு தாழ்வாரமும். கூடத்தில் இடப்பக்கம் தமிழ்ப் பிள்ளைகள், வலப்பக்கம் தெலுங்குப் பிள்ளைகள். நடுவில் சுவர் கிடையாது. எங்களுக்கு ஒரு வாத்தியார், அவர்களுக்கு ஒரு ஐவாரு. ஒவ்வொருவருக்கும் ஐந்து வகுப்பு. நாங்கள் பலகை, பல்பம் என்போம், அவர்கள் பலக, பலபம் என்பார்கள். கோவை இலையைக் கசக்கிப் பலகையைத் துடைப்பது மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். எங்களுக்கு ஒரே ஒரு 'க'. அவர்களுக்கு நான்கு. அந்தப் பக்கம் பாட்டாகச் சொல்லும்போது, ஒரே எழுத்தை ஏன் இந்தப் பசங்கள் நான்கு தரம் சொல்கிறார்கள், மறந்துவிடுவார்களோ என்று எனக்குச் சந்தேகம். காதில் விழுந்தே நான் தெலுங்கு கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு மனுஷன் ஐந்து வகுப்பை எப்படி நடத்துவார்? நடத்த முடியாது. அதற்குத்தான் சட்டாம்பிள்ளை. ஐந்தாம் வகுப்பில் கொஞ்சம் தேறினவன் ஒன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொள்வான். நாலாம் வகுப்பு இரண்டாம் வகுப்பை. வாத்தியார் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டு, ஐந்தாம் வகுப்புக்கு வருவார். எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தது வாத்தியார் இல்லை, ஐந்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி. மணலில் விரலைப் பிடித்து எழுதவைப்பாள். "பாத்து எழுதாத. சொல்லிக்கினே எழுது" என்பாள். தலையில் குட்டும் விழும். நான் ஐந்தாம் வகுப்பு வந்தபோது எனக்கும் நான்கு பொடியன்கள் கிடைத்தார்கள். நானும் அதையே சொன்னேன், குட்டு உட்பட. 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வித்தியாசத்தை அவர்களுக்குச் சொல்லப்போய்த்தான் எனக்கே ஒழுங்காகப் புரிந்தது.

வாத்தியார் பள்ளிப்பட்டிலிருந்து சைக்கிளில் வருவார். மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தால் தரைப்பாலம் முழுகிவிடும். (இப்போதும் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் அந்தப் பக்கம் அதே கதைதான், செய்தியில் வரும்.) வாத்தியார் வராத நாளிலும் பள்ளிக்கூடம் நடக்கும். யாராவது ஒரு பெரியவர் பூட்டைத் திறந்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடிப்பார். மீதியைச் சட்டாம்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஓடு மாற்ற வேண்டுமென்றால் ஊரே வரும். வெல்லம் காய்ச்சும் காலத்தில் பாதிப் பிள்ளைகள் கரும்புத் தோட்டத்தில் இருப்பார்கள், வாத்தியார் அங்கேயே வந்து நின்று வாய்ப்பாடு கேட்பார், போகும்போது ஒரு உருண்டை வெல்லம் வாங்கிக்கொண்டு போவார். தர்மராஜா கோயிலில் பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் காலையில் பாதி வகுப்பு தூங்கும். அவர் அடிக்கமாட்டார். "நூறு பேர்ல பீமன் நேத்து ராத்திரி எத்தனை பேர அடிச்சான்? மீதி எவ்ளோ?" என்று கழித்தல் போடவைப்பார்.

இதெல்லாம் இல்லாமையால் வந்த ஏற்பாடு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது, இதற்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. 1789-ல் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பாக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அதைச் செய்யவைத்து, பெரிய பையன்களைச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க விட்டார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்ற பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது, அவர் விட்டுப்போன பணத்தில் வந்தது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போயிருக்கிறான்.

இன்னொன்று இன்னும் பக்கத்தில். பழைய சித்தூர் மாவட்டத்திலேயே, மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலி. ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய பள்ளி. அதைச் சுற்றியிருந்த குக்கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள் நடத்தியபோது பத்மநாப ராவ், ரமா தம்பதியும் அங்கிருந்த ஆசிரியர்களும் பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக வெட்டினார்கள். ஏணிப்படி மாதிரி ஒரு படம். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறதோ அந்த அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் வாத்தியாரிடம், கொஞ்சம் கூட்டாளியிடம், கொஞ்சம் தனியாக. காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை விட்ட படியிலிருந்து ஏறும், பின்தங்கினான் என்ற பேச்சே இல்லை. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த விஜயகுமார் 2003-ல் அதைச் சென்னைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். 2007-ல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தது. பள்ளிப்பட்டில் சித்தி பேரப்பிள்ளைகள் முயல் அட்டை, யானை அட்டை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் பிறந்த சரக்கு கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. எங்கள் பள்ளிக்கு வரவில்லை.

அந்தக் கோடு எல்லாவற்றிலும் இப்படித்தான் விளையாடும். 1982 ஜூலையிலிருந்து சித்தி பிள்ளைகளுக்குச் சத்துணவு. எங்கள் பள்ளியில் சமைத்த சாப்பாடு நிலையாக வந்தது 2003-ல்தான், நான் ஊரை விட்டு வந்த பிற்பாடு.

சரி, ஜூலைக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் அடையாளமே தெரியவில்லை. ஆந்திர அரசு 2019-ல் தொடங்கிய நாடு-நேடு திட்டத்தில் டைல்ஸ் தரை, பெஞ்சு, கழிப்பறை, சுவரெல்லாம் படம். நான் நண்பர்களிடம் பணம் சேர்த்து பெயிண்ட் அடித்துத் தரலாமா என்று கேட்கத்தான் போனேன். தலைமை ஆசிரியை சிரித்தார். "பெயிண்டு நல்லாதான் இருக்குது சார். பசங்கதான் இல்ல."

தமிழ்ப் பிரிவில் ஒன்பது பேர். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து. தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்று அரசியல் சட்டத்தில் 350-அ பிரிவு இருக்கிறது. வகுப்புக்குப் பத்துப் பேர் அல்லது பள்ளிக்கு நாற்பது பேர் இருந்தால் அந்த மொழியில் ஆசிரியர் தர வேண்டும் என்று 1949-லேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். ஒன்பது எந்தக் கணக்கிலும் வராது. யாராவது கேட்கும் வரைக்கும் ஓடும்.

2022-ல் ஆந்திராவில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியோடு சேர்க்கும் ஏற்பாடு வந்தது. பாடத்துக்கு ஒரு ஆசிரியர் கிடைப்பார் என்பது காரணம். தப்பான காரணம் இல்லை. ஆனால் எங்கள் பள்ளியில் மிஞ்சியது ஒன்றும் இரண்டும். சொல்லிக்கொடுக்கப் பெரிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. 2025-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பல வீட்டில் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டார்கள்.

"உங்க தம்பி பசங்க ரெண்டு பேரு இருக்காங்க இல்ல சார். அவங்கள அனுப்பச் சொல்லுங்க. பெயிண்டுக்குப் பதிலா" என்றார் டீச்சர்.

அன்று ராத்திரி மாடியில் பாய் போட்டுப் படுத்திருக்கும்போது தம்பியிடம் பேச்சை எடுத்தேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"உன் பொண்ண எந்த மீடியத்துல சேத்துகீற அண்ணா?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவன் கேட்டதில் இன்னொரு கணக்கும் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் தமிழ் வேண்டும் என்று பள்ளிப்பட்டில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தவன். காலேஜ் சேரும்போதுதான் விஷயம் தெரிந்தது. ஆந்திராவில் 1974 ஜனாதிபதி ஆணைப்படி எங்கே தொடர்ந்து படித்தோமோ அந்தப் பகுதிதான் நம் 'லோக்கல்'. நான் அங்கே நான்-லோக்கல். தமிழ்நாட்டில் கேட்டால் ரேஷன் கார்டு ஆந்திரா. கடைசியில் பணம் கட்டித்தான் சீட்டு. அப்பா ஏரிக்குக் கீழே இருந்த கரும்புக் கொல்லையை விற்றார். அந்த வருஷமே தம்பியை எழுப்பிக் கூடத்தின் வலப்பக்கம் உட்காரவைத்தார். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதோ நான் எழுதுகிற இதையும் அவன் படிக்க மாட்டான். படிக்க முடியாது.

கொல்லையும் எனக்காகப் போனது, அவன் தமிழும் எனக்காகப் போனது. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அவன் பிள்ளைகளைத் தமிழ் மீடியத்துக்கு அனுப்பச் சொல்கிறேன். நன்றாக இருக்கிறது நியாயம்.

மறுநாள் நடந்தது வேறு. என் மகளுக்கு ஒன்பது வயது. இங்கே சனிக்கிழமை தமிழ் வகுப்பு என்றாலே வயிற்றுவலி வரும். ஊரில் பொழுது போகவில்லை என்று அழுததால் அம்மா அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். டீச்சரும் "உக்காரட்டும்" என்று விட்டுவிட்டார். நான் மதியம் கூப்பிடப் போனபோது பெஞ்சு இருக்க, இரண்டு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்ப் பிரிவின் ஒரே ஐந்தாம் வகுப்புப் பெண் என் மகள் விரலைப் பிடித்து 'ழ' போடவைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்து எழுதாத. சொல்லிக்கினே எழுது."

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த அக்கா எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாளோ தெரியாது. இந்தப் பெண்ணுக்கு அது யார் வழியாக வந்ததோ! (குட்டு மட்டும் வழக்கொழிந்துவிட்டது போல.) மகள் பன்னிரண்டு நாள் போனாள். பதிலுக்கு அவர்களுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் கற்றுக்கொடுத்தாளாம். அந்தப் பெண் அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவாள். மிச்சம் எட்டு.

தம்பி பிள்ளைகள் வேனில்தான் போகிறார்கள். நான் மறுபடி கேட்கவில்லை. ஆனால் கிளம்பும் முன்னால் என் மகள் தம்பியின் சின்னவளுக்கு ஒரு பலகையும் ஒரு டப்பா பல்பமும் வாங்கிக்கொடுத்திருக்கிறாள், பாட்டி காசில். இங்கே சனிக்கிழமை இரவு எட்டரை, அங்கே ஞாயிறு காலை ஏழு. வீடியோவில் கூப்பிட்டு ஒரு எழுத்து. இதுவரை மூன்று வாரம், மூன்று எழுத்து. என் மகளின் தமிழுக்கு அவள்தான் சட்டாம்பிள்ளை என்பதை நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது :-)

முதல் வாரம் தம்பி அந்தப் பக்கமே வரவில்லை. இரண்டாவது வாரம் பின்னால் காபி டம்ளரோடு நின்றான். நேற்று சின்னவள் 'இ' போடத் திணறினாள், பலகை நழுவிக்கொண்டே இருந்தது. இவள் இங்கிருந்து "சொல்லிக்கினே எழுது, சொல்லிக்கினே எழுது" என்று கத்திக்கொண்டிருந்தாள். திரையின் ஓரத்தில் அவன் கை மட்டும் வந்து பலகையைப் பிடித்துக்கொண்டது.