கைநீட்டி வாங்கிய காசு

வீட்டில் கொஞ்சம் வேலை எடுக்கப்போகிறேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். என்ன வேலை, எவ்வளவு செலவு என்று கேட்பதற்கு முன்பே, "அட்வான்ஸ் மட்டும் கொடுத்துடாதே, அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது" என்பார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். ஜன்னல் கிரில்லுக்குக் காசு வாங்கிப் போன வெல்டர் போன் நம்பரையே மாற்றிவிட்டார். பரணுக்கு அளவெடுத்த ஆசாரி தீபாவளி போய்ப் பொங்கலும் வந்த பிறகுகூட எட்டிப் பார்க்கவில்லை. எதுவும் பொய்க் கதையில்லை. ஆனாலும், பத்துப் பைசா முன்னால் கொடுக்காதே என்ற முடிவு எனக்கு ஒப்பவில்லை.

கொத்தனாரும் சித்தாளும் நாள்கூலிக்கு வந்தால் அட்வான்ஸ் பேச்சே பெரிதாக எழாது. சிமென்ட், மணல் நாம் இறக்குகிறோம். அவர்கள் கரண்டியும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டுமாக வருகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம், கணக்கு தீர்ந்தது. ஆசாரி விஷயம் அப்படியில்லை. உங்கள் சமையலறை மூலைக்கு அறுத்த பலகை வேறு எந்த வீட்டு மூலைக்கும் பொருந்தாது. நடுவில் உங்களுக்கு மனம் மாறினால் அதை அவர் யார் தலையில் கட்டுவார்? அவர் முன்பணம் கேட்பதில் தப்பே இல்லை.

மாடுலர் கிச்சன் செய்யும் கம்பெனிகளில் பல, ஆர்டர் கொடுக்கும்போது பாதியும் வண்டி கிளம்புவதற்கு முன் ஏறக்குறைய மீதி முழுவதும் வாங்கிவிடுகின்றன. பொருத்திய கதவு கோணலாக நிற்கும்போது நிறுத்திவைக்க நம் கையில் ஒன்றும் இருக்காது. ஏசி ஷோரூமில் உட்கார்ந்து அந்த நிபந்தனைக்கு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறவர், தெருமுனை ஆசாரி ஐயாயிரம் கேட்டால் மட்டும் ஆதார் அட்டை கேட்கிறார்!

அரசாங்கத்துக்கே இதில் பயம் உண்டு. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளின்படி தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கும் முன்பணம் சாதாரணமாக ஒப்பந்தத் தொகையில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதற்கும் வங்கி உத்தரவாதம் போன்ற ஏதாவது ஒரு பிடிமானம் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுக்குமாடி கட்டுகிற பில்டர், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது 2016 ரியல் எஸ்டேட் சட்டம். நம் பரண் பலகைக்கும் பாத்ரூம் டைல்ஸுக்கும் இப்படி வரம்பு போட்டுக் கொடுக்க யாரும் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்தான், இரண்டு ஆண்டுக்குள். ஆனால் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு யார் போகிறார்கள்? இப்போது போனிலேயே பணம் அனுப்புவதால் தேதியும் தொகையுமாவது பதிவாகிறது.

நான் பொருளையும் கூலியையும் பிரித்துவிடுவேன். ஆசாரியோடு நானே பிளைவுட் கடைக்குப் போவேன். எட்டுக்கு நாலு ஷீட்டை அவர் சாய்த்து நிறுத்தி, ஓரத்தில் அடுக்குகளுக்கு நடுவே சந்து விட்டிருக்கிறதா என்று விரலால் தடவுவார். முத்திரையில் ஐ.எஸ். 710 என்று இருக்கிறதா, 303 என்று இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். சிங்க்குக்குக் கீழே, தண்ணீர் சொட்டும் இடத்துக்கு 710 இருந்தால் நல்லது. பில் என் பெயரில், பணம் நேராகக் கடைக்காரருக்கு. நாளை ஆசாரி வராமல் போனாலும் பலகை என் வீட்டில் இருக்கும், இன்னொருவரை வைத்துச் செய்துகொள்ளலாம். கடையில் ஆசாரிக்கு ஒரு கமிஷன் உண்டு, அது என் பில்லில்தான் ஏறியிருக்கும் என்பதும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவேன். ஷீட்டைத் தடவிப் பார்த்த அந்த விரலுக்கு வேறு யார் கூலி கொடுக்கப்போகிறார்கள்?

காசு வாங்கியவர் ஏன் காணாமல் போகிறார் என்பதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் கதை வேறு. போன வீட்டுக்காரர் பெயின்டில் திட்டு தெரிகிறது, கீல் கிறீச்சிடுகிறது என்று கடைசித் தொகையைக் கொடுக்காமல் இழுத்தடித்திருப்பார். கூட வந்த ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். உங்கள் அட்வான்ஸ் அங்கே போய்விடும். பிறகு உங்கள் வேலையைத் தொடங்க மூன்றாவது வீட்டில் அட்வான்ஸ் வாங்க வேண்டும். இப்படி நாலு வீட்டுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பவருக்கு நம் போனை எடுக்க என்ன தெம்பு இருக்கும்?

இதே அட்வான்ஸ் செங்கல் சூளையில் வேறு முகம் காட்டுகிறது. சீசன் தொடங்குமுன் கல்யாணத்துக்கோ வைத்தியச் செலவுக்கோ சூளை முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கழித்துக் கழித்தும் தீராத அந்தக் கடனைக் காட்டி ஆளை வெளியே விடாமல் வைத்திருப்பதைத்தான் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் தமிழ்நாட்டுச் சூளைகளிலிருந்து குடும்பங்களை மீட்ட செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் வீட்டில் காசு கொடுத்தவர் மாட்டிக்கொள்கிறார்; அங்கே வாங்கியவர் மாட்டிக்கொள்கிறார். ஆசாரியை நம்பிக் கொடுத்த ஐயாயிரத்துக்காகப் புலம்பும்போது, நம் வீட்டுச் சுவரின் கல்லுக்கு யார் என்ன அட்வான்ஸ் வாங்கினார்களோ என்று நமக்குத் தோன்றுவதில்லை.

முன்பணத்தைவிடக் கடைசித் தொகையில்தான் எனக்கு அக்கறை அதிகம். மொட்டைமாடி ஒழுக்குக்கு வேலை பார்க்க வந்தவரிடம் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஐப்பசி மழை பெய்த பிறகு தருகிறேன் என்றேன். அவர் வானத்தை ஒருமுறை பார்த்தார்.

"இந்த வருஷம் மழையே பெய்யலைன்னா என் காசு என்ன சார் ஆகும்?"

பதில் சொல்ல முடியவில்லை. அவரே வழியும் சொன்னார். வடிகால் வாயில் துணி அடைத்து, ஓரத்தில் வரப்பு கட்டி, மாடி முழுக்கத் தண்ணீர் தேக்கினோம். இரண்டு நாள் நிற்கட்டும் என்றார். மூன்றாம் நாள் காலையில் வந்து, ஹாலில் ஸ்டூல் போட்டு ஏறி, முன்பு ஒழுகிய இடத்தில் என்னையே கைவைத்துப் பார்க்கச் சொன்னார். பாக்கியை எண்ணி வாங்கிக்கொண்டவர், அடைப்பை எடுத்துவிடுங்கள், கொசு முட்டை வைக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.