புள்ளி வைத்த தமிழ்

தமிழை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக எழுதிப் படித்தவர்கள் உண்டு என்று சொன்னால், எங்கள் குரோம்பேட்டையில் முக்கால்வாசிப் பேர் நான் கதை விடுகிறேன் என்றுதான் நினைப்பார்கள். கதை எழுதுகிறவன் நிஜம் சொன்னால் வருகிற சங்கடம் இது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் முஸ்லிம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம் அது. அரபுத்தமிழ் என்பார்கள், அர்வி என்றும் சொல்வதுண்டு. மொழி தமிழ், எழுத்து அரபி. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்க நூல்களை அதில் எழுதினார். வீட்டுப் பெண்கள் பலருக்குத் தெரிந்த எழுத்தும் அதுதான்.

அரபியில் பகரம் இல்லை, டகரம் இல்லை. ழகரம் இல்லவே இல்லை. நம்மவர்கள் தளரவில்லை. இருக்கிற எழுத்தின் மேலும் கீழும் புள்ளியோ குறியோ கூட்டிப் புது எழுத்துப் பண்ணிக்கொண்டார்கள். பேனாவுக்கு அது ஒரு நொடி வேலை. கம்ப்யூட்டருக்கு அப்படியல்ல.

கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். 1991-ல் முதலில் வெளியான யூனிகோடு ஏற்பாட்டில் எழுத்துக்கு ஓர் எண். அரபி எழுத்தோ சொல்லின் முதலில் ஒரு மாதிரியும், நடுவிலும் கடைசியிலும் வேறு மாதிரியும், தனியே நின்றால் இன்னொரு மாதிரியும் வளையும். ஆனாலும் ‘மீம்’ என்ற எழுத்துக்கு நாலு கோலத்துக்கும் சேர்த்து 0645 என்று ஒரே எண். கோலத்தை எழுத்துரு பார்த்துக்கொள்ளும். நமக்கும் இது புதிதல்ல. ‘கெ’ என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. உள்ளே ககரம்தான் முதலில், கொம்பு பிறகு.

சிக்கல் புள்ளியில் இருக்கிறது. அகர, இகர, உகர ஒலிகளைக் காட்டும் குறிகளுக்குத் தனி எண் உண்டு. எந்த எழுத்தின் மேலும் ஏற்றலாம். எழுத்துக்கே அங்கமான புள்ளிக்கு அந்தச் சலுகை இல்லை. எழுத்தும் புள்ளியும் சேர்ந்தே ஓர் எண். ஒரு புள்ளி புதிதாக வைத்தால் அது வேறு எழுத்து. சான்று காட்டி, விண்ணப்பம் போட்டு எண் வாங்க வேண்டும். பாரசீகம், உருது, சிந்தி எழுத்துக்களுக்கெல்லாம் எண் இருக்கிறது. அரபுத்தமிழ்க்காரர் அவற்றில் தமக்குப் பொருந்துவதைத் தேடிப் பொறுக்க வேண்டும். எண் கிடைத்தாலும் அதை வரையத் தெரிந்த எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் வெறும் கட்டம்தான்.

எங்கள் தெருவில் காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய உம்மாவுக்கு வயது எண்பத்து மூன்று. அரபுத்தமிழ் தவிர வேறு எழுத்துப் படிக்கத் தெரியாது, கண்ணும் மங்கிவிட்டது. உம்மா வைத்திருக்கும் பழைய கல்லச்சுப் புத்தகத்தைப் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுக்க மகனுக்கு ஆசை.

“படம் எடுத்துப் பெரிதாக்கினால் போதாதா?” என்று கேட்டேன்.

“உம்மாவுக்குப் போதும் சார். என் மகளுக்குப் போதாதே! அவளுக்கு இந்த எழுத்துத் தெரியாது. எழுத்தெழுத்தாக அடித்து வைத்தால்தானே தமிழ் எழுத்துக்கு மாற்ற முடியும்?”

நியாயம்தான். படம் என்பது கம்ப்யூட்டருக்கு வெறும் மைக்கறை. நண்பர் ஓர் அச்சகத்தில் கொடுத்து நாலு பக்கம் அடித்துப் பார்த்தார். ழகரம் கிடைக்காத இடத்தில் அவர்கள் புள்ளியில்லாத லகரத்தைப் போட்டுவிட்டார்கள். உம்மா தயங்காமல் சரியாகவே படித்தார். சொல் அவருக்குத் தெரியும். தமிழ் எழுத்துக்கு மாற்றியபோதுதான் ‘மழை பெய்தது’ என்பது ‘மலை பெய்தது’ என்று வந்து நின்றது. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். உம்மா சிரிக்கவில்லை.

எங்கள் ஸ்டேஷன் பக்கத்தில் எம்.ஐ.டி. இருக்கிறது. 1949-ல் தொடங்கியது, ராமேசுவரத்து அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். அங்கே படிக்கிற பையன்கள் யாராவது இதைப் பார்த்தால், லீவு நாளில் எங்கள் தெருவுக்கு ஒரு நடை வரட்டும். எண்ணையும் எழுத்துருவையும் அவர்கள் கவனித்துக்கொள்வார்கள். எந்தப் புள்ளி எந்த எழுத்து என்று உம்மா சொல்லிக்கொடுப்பார். கொஞ்சம் சீக்கிரமாக வந்தால் நல்லது.